குறி தவறுவது இரு வகை

பெங்களூரில் அல்சூரை அடுத்துள்ள ஜோகுபாளையம், நெருங்கிய வீடுகளும் குறுகிய தெருக்களும் கொண்ட பழைய பகுதி. அங்கு ஒரு திருவிழா நாளன்று, மரப்பலகையில் பலூன்களை வரிசையாகக் கட்டிவைத்துக் காற்றுத் துப்பாக்கியால் சுடச்செய்யும் கடையொன்றின் முன்னே சிறிது நேரம் நின்றிருந்தேன். நடுவயதினர் ஒருவர் பத்து ரவைகளுக்குப் பணம் கொடுத்துச் சுட்டார். முதல் ரவை இடப்புறம் சென்றது. அடுத்ததற்கு அவர் துப்பாக்கியைச் சிறிது வலப்புறம் நகர்த்தினார். ரவை வலப்புறம் அதிகமாகப் போயிற்று. பிறகு இடப்புறம், பிறகு மேலே, பிறகு கீழே. பத்து ரவைகளில் இரண்டு பலூன்கள் உடைந்தன. குழல் கோணல் என்று சொல்லித் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்து வந்தவன் பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க சிறுவன். அவன் முதல் மூன்று ரவைகளை எந்தப் பலூனையும் நோக்கிச் சுடவில்லை. பலகையில் அறைந்திருந்த ஓர் ஆணித்தலையைக் குறிவைத்து, மூன்றையும் ஒரே விதமாகச் சுட்டான். மூன்று துளைகளும் ஆணிக்குக் கீழே, வலப்புறமாக, நான்கு விரற்கடை தள்ளி, ஒன்றையொன்று நெருங்கி விழுந்தன. கடைக்காரர் சிரித்தார். பிறகு அவன் ஒவ்வொரு பலூனுக்கும் நான்கு விரற்கடை மேலே, இடப்புறமாகக் குறிவைத்தான். எஞ்சிய ஏழு ரவைகளில் ஐந்து பலூன்கள் உடைந்தன. குழலோ குறிமுனையோ கோணலாயிருந்தது உண்மைதான். ஆனால் கோணல் எவ்வளவு என்பதை ஒருவன் அளந்தான், மற்றவர் அளக்கவில்லை.

காற்றுத் துப்பாக்கியில் குறி தவறுவது இரு வகைப்படும். ரவைகள் யாவும் ஓரிடத்தில் நெருங்கி விழுந்து, அவ்விடம் மையத்திலிருந்து தள்ளியிருப்பது ஒரு வகை. இதனை விலகல் என்போம். ரவைகள் மையத்தைச் சுற்றியோ வேறோரிடத்தைச் சுற்றியோ பரந்து விழுவது மற்றொரு வகை. இதனைச் சிதறல் என்போம். விலகலுக்குக் காரணம் பெரும்பாலும் கருவியில் இருக்கும். பின்குறியின் திருகைச் சில முறை திருப்பினால் அது நீங்கிவிடும். சிதறலுக்குக் காரணம் பெரும்பாலும் சுடுபவரின் கண், மூச்சு, விரல், நிற்கும் நிலை ஆகியவற்றில் இருக்கும். அது நீங்க மாதங்கள் ஆகும். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் பயிற்சியளிப்பது, காய்ச்சலையும் எலும்பு முறிவையும் ஒரே மருந்தால் குணப்படுத்த முயல்வதைப் போன்றது. நம் பள்ளிகளிலும் முகாம்களிலும் நடைபெறும் பயிற்சியில் இந்தப் பிரிவினை அநேகமாகச் செய்யப்படுவதில்லை என்பதே என் குறை.

ஒரு பள்ளியில் நான் நேரில் கண்டதைக் கூறுகிறேன். மாணவர்களுக்குத் தலைக்கு ஐந்து ரவைகள் கொடுத்து, அட்டையில் பெற்ற மதிப்பெண்களைக் கூட்டி, குழுவுக்கு ஆள் தெரிந்தெடுத்தார்கள். ஒரு மாணவியின் ஐந்து ரவைகளும் ஐம்பது காசு நாணயத்தால் மூடக்கூடிய இடத்திற்குள் விழுந்திருந்தன. ஆனால் அவ்விடம் மையத்திலிருந்து ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் தள்ளி, இடப்புறம் மேலே இருந்தது. அவள் பெற்றது 15. மற்றொரு மாணவனுடைய ரவைகள் அட்டை முழுவதும் பரவியிருந்தன, மதிப்பெண் 29. மாணவன் தெரிந்தெடுக்கப்பட்டான். மாணவிக்குக் கை நடுங்குகிறது என்று பதிவேட்டில் எழுதப்பட்டது. நடுங்கும் கையால் ஐந்து ரவைகளை ஒரு நாணயத்துக்குள் இறக்க முடியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளிடம் கொடுத்த துப்பாக்கியின் பின்குறி சரியாயிருந்திருந்தால் அதே கை 40-க்கும் மேல் பெற்றிருக்கும். அவள் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை என்று அறிந்தேன்.

சர்வதேசப் போட்டிகளில் 10 மீட்டர் தொலைவுக்குப் பயன்படுத்தும் அட்டையின் அளவுகளைப் பார்த்தால் இக்கணக்கு விளங்கும். நடுவிலுள்ள பத்தாம் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான். அதற்கு வெளியே ஒவ்வொரு வளையமும் ஆரத்தில் 2.5 மில்லிமீட்டர் கூடிக்கொண்டே போகும். முழு அட்டையின் வளையங்கள் 45.5 மில்லிமீட்டர் விட்டத்திற்குள் அடங்கிவிடும். ரவையின் விட்டம் 4.5 மில்லிமீட்டர், அதன் ஓரம் வளையத்தைத் தொட்டாலே அந்த மதிப்பெண் கிடைக்கும். ஆகவே ரவையின் நடு, மையத்திலிருந்து 2.5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் 10. 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் 9. 20 மில்லிமீட்டரில் 3. மதிப்பெண் என்பது மையத்திலிருந்து உள்ள தூரத்தை மட்டும் காட்டுகிறது. அத்தூரம் விலகலால் வந்ததா, சிதறலால் வந்ததா என்பதை அது காட்டுவதில்லை.

இப்பிரிவினை ஒலிம்பிக் மேடையிலேயே பயன்பட்டதற்கு நம் நாட்டில் ஓர் உதாரணம் உண்டு. 2008 ஆகஸ்டு 11-ஆம் நாள் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் தங்கப் பதக்கம் பெற்றார். இந்தியர் ஒருவர் தனிநபர் போட்டியில் பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. தகுதிச் சுற்றில் 596, இறுதிச் சுற்றில் 104.5, மொத்தம் 700.5. கடைசி ரவை 10.8. இவை பலரும் அறிந்தவை. ஆனால் இறுதிச் சுற்றுக்கு முன் சோதனை ரவைகளைச் சுட்டபோது, அவருக்கு 4 மதிப்பெண் விழுந்ததை அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். தகுதிச் சுற்றில் 60 ரவைகளுக்கு 596 பெற்றவருக்கு 4 என்பது, ரவை 15 மில்லிமீட்டருக்கும் அப்பால் விழுந்தது என்று பொருள்படும். தம் கையின் சிதறல் எவ்வளவு என்பதைப் பல்லாயிரம் ரவைகளால் அறிந்திருந்த ஒருவருக்கு, இது கையின் பிழையன்று, குறி மாறியிருக்கிறது என்று உடனே முடிவு செய்ய முடிந்தது. குறியைத் திருப்பிச் சரிசெய்துகொண்டு சுட்டார். தம் சிதறலின் அளவை அறியாதவர் அந்நிலையில் தம்மையே சந்தேகித்திருப்பார். மூச்சை மாற்றியிருப்பார், பிடியை மாற்றியிருப்பார், எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டிருப்பார்.

இனி, பலூன் கடையில் நடுவயதினர் செய்ததைப் பார்ப்போம். ஒவ்வொரு ரவைக்குப் பின்னும் அது தவறிய அளவுக்கு எதிர்ப்புறமாகத் திருத்துவது இயல்பான அறிவாகவே தோன்றுகிறது. பயிற்சியாளர் சிலர் இதனையே கற்பிக்கவும் செய்கிறார்கள். ஆனால் இது கேடு விளைவிப்பது. விலகல் ஏதுமில்லாத ஒரு நல்ல துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். ரவை 6 மில்லிமீட்டர் இடப்புறம் விழுகிறது; அது வெறும் தற்செயல். அதற்காகக் குறியை 6 மில்லிமீட்டர் வலப்புறம் திருப்பினால், அடுத்த ரவையில் அதன் சொந்தத் தற்செயல் பிழையும் இருக்கும், நாம் புகுத்திய 6 மில்லிமீட்டரும் இருக்கும். இரண்டு பிழைகள் ஒன்றுசேர்கின்றன. கணிதப்படி சிதறலின் வர்க்க சராசரி இரு மடங்காகும். அதாவது சிதறல் சுமார் 1.4 மடங்கு பெருகும். திருத்தத் திருத்தக் கெடும் என்று சொல்வது இங்கே வேடிக்கைப் பேச்சன்று, கணக்கு.

அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் இவ்வுண்மையைத் தம் வகுப்புகளில் ஒரு புனலையும் கோலியையும் கொண்டு விளக்குவார். மேசைமேல் ஒரு புள்ளி வைத்து, அதற்கு நேர் மேலே புனலைப் பிடித்து, அதன் வழியே கோலியை விழச்செய்ய வேண்டும். கோலி நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். புனலை அசைக்காமல் ஐம்பது தடவை செய்க. பிறகு ஒவ்வொரு தடவையும், கோலி தவறிய அளவுக்குப் புனலை எதிர்ப்புறம் நகர்த்தி ஐம்பது தடவை செய்க. இரண்டாவது படத்தில் புள்ளிகள் பரந்து கிடக்கும். துப்பாக்கி இல்லாத பள்ளியிலும் இதைச் செய்யலாம். எட்டாம் வகுப்பு மாணவர்கள் இதைச் செய்துவிட்டு, காரணத்தைத் தாமே கண்டுபிடித்துச் சொல்வார்கள். சொல்லும் வரை ஆசிரியர் பொறுத்திருந்தால் போதும்.

அப்படியானால் எத்தனை ரவைகளுக்குப் பின் குறியைத் திருப்பலாம்? சராசரியின் நிச்சயமின்மை, ரவைகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்திற்கு ஏற்பக் குறையும். ஒருவரது சிதறல் 8 மில்லிமீட்டர் என்றால், மூன்று ரவைகளின் சராசரி ஏறத்தாழ நாலரை மில்லிமீட்டர் தவறக்கூடும். பத்து ரவைகளின் சராசரி இரண்டரை மில்லிமீட்டர்தான் தவறும். ஆகவே தொடக்கநிலை மாணவருக்குப் பத்து ரவைகள், குறியைத் தொடாமல், பிடியை மாற்றாமல். அவற்றின் நடுவைக் கண்டு, ஒரே ஒரு தடவை திருத்துவது. ஜோகுபாளையத்துச் சிறுவன் மூன்றே ரவைகளில் முடித்துக்கொண்டான். அவன் கை அவ்வளவு நிதானமாயிருந்தது. மேலும் பலூன் பெரியது.

விலகலைப் பற்றி இவ்வளவு போதும். சிதறலைக் குறைப்பதுதான் உண்மையான உழைப்பு. அதில் முதலாவது, கண்.

சாதாரணக் காற்றுத் துப்பாக்கியில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே அரை மீட்டர் தூரம் இருப்பதாகக் கொள்வோம். அட்டை 10 மீட்டரில் இருக்கிறது. அதாவது அத்தூரத்தைப் போல் 20 மடங்கு. பின்குறியின் நடுவில் முன்குறி நிற்காமல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகினால், அட்டையில் அது 2 மில்லிமீட்டர். ஓர் அஞ்சலட்டையின் தடிமனான சுமார் கால் மில்லிமீட்டர் விலகினால் 5 மில்லிமீட்டர். இரண்டு வளையங்கள் போயின. ஆனால் இரண்டு குறிகளும் தம்முள் சரியாக நேர்ப்பட்டு, துப்பாக்கி முழுவதுமே ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் அசைந்தால், அட்டையில் ஏற்படும் பிழை அதே ஒரு மில்லிமீட்டர்தான். கோணப் பிழை இருபது மடங்காகிறது. அசைவுப் பிழை பெருகுவதில்லை.

இதிலிருந்து பயிற்சியாளர் யாவரும் சொல்லும், ஆனால் மாணவர் எவரும் நம்பாத, ஒரு விதி பிறக்கிறது. நம் கண் ஒரே சமயத்தில் ஒரு தூரத்தில் உள்ள பொருளைத்தான் தெளிவாகக் காணும். பின்குறி, முன்குறி, அட்டை ஆகிய மூன்றும் தெளிவாகத் தெரிவது இயலாத காரியம். எதைத் தெளிவாக வைத்துக்கொள்வது? மாணவர் அட்டையையே பார்ப்பார். சுட வேண்டியது அதைத்தானே! ஆனால் மேற்சொன்ன கணக்கின்படி, தெளிவு வேண்டியது முன்குறிக்கு. அட்டையின் கரும்பகுதி சற்று மங்கலாகத் தெரிந்தால் குற்றமில்லை. மங்கலான வட்டத்தின் நடுவைக் கண் நன்றாகவே கணித்துவிடும். போட்டித் துப்பாக்கிகளில் பின்குறியாகச் சிறு துளை வைத்திருப்பதும் இக்காரணம் பற்றியே. சிறு துளை வழியே நோக்கும்போது பல தூரங்களில் உள்ள பொருள்களும் ஓரளவு தெளிவாகத் தெரிகின்றன. அட்டையில் குண்டூசியால் துளையிட்டு, அதன் வழியே புத்தகத்தைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் படிக்கச் செய்தால் மாணவர் இதனை நேரில் உணர்வர். கண்ணாடி அணியும் ஆசிரியர்கள் ஏற்கெனவே அறிந்திருப்பார்கள்.

உடல் நிலையைப் பற்றி நூல்களில் நிறைய எழுதியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றை மட்டும் வற்புறுத்துவேன். குறிவைத்து நின்றபின் கண்களை மூடி, இரண்டு மூச்சு விட்டு, திறந்து பார்க்க வேண்டும். துப்பாக்கி எங்கே நோக்குகிறதோ, அதுவே உடல் தானாக விரும்பும் திசை. அது மையத்தில் இல்லையானால் கையால் இழுத்துக் கொண்டுவரக் கூடாது. பாதங்களை நகர்த்தி நிற்கும் திசையை மாற்ற வேண்டும். தசையால் தாங்கிய துப்பாக்கி அரை நிமிடத்தில் நடுங்கும். எலும்பால் தாங்கியது நடுங்காது. மூச்சை வெளியே விட்டு, அடுத்த மூச்சுக்கு முன் இயல்பாக வரும் இடைவேளையில் சுட வேண்டும். ஐந்தாறு விநாடிக்குள் ரவை போகவில்லையென்றால் துப்பாக்கியை இறக்கிவிடுவது நலம். நேரம் கடந்து பிடித்துக்கொண்டு நிற்பவருக்குக் கண்ணும் மங்கும், பொறுமையும் போகும்.

விசையை இழுப்பது என்று சொல்கிறோம். அச்சொல்லே தவறான வழக்கம் உண்டாக்குகிறது. விசையை மெல்ல அழுத்திக்கொண்டே போக, ரவை எப்போது புறப்பட்டது என்பது சுடுபவருக்கே சற்று எதிர்பாராததாயிருக்க வேண்டும். ரவை புறப்பட்ட பின்னும் ஒரு விநாடி குறியைப் பார்த்துக்கொண்டே அசையாமல் நிற்க வேண்டும். இது சடங்கன்று. காற்றுத் துப்பாக்கியின் ரவை மெதுவானது. விசை விடுபட்டபின் அது குழலைக் கடந்து வெளியேறச் சில மில்லிவிநாடிகள் ஆகின்றன. அதற்குள் தலையைத் தூக்கி அட்டையைப் பார்ப்பவர், குழலையும் தூக்கிவிடுகிறார்.

நம் பள்ளிகளில் இருப்பவை பெரும்பாலும் குழலை மடக்கிச் சுருள்வில்லை இறுக்கும் வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. வில் விடுபட்டு, உள்ளிருக்கும் கனமான உந்துதண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே தள்ளும். தண்டு முடிவில் மோதும்போது முன்னே துள்ளும். இவ்விரண்டு அசைவுகளின்போதும் ரவை இன்னும் குழலுக்குள்ளேயே இருக்கிறது. ஆகையால் இவ்வகைத் துப்பாக்கியை இறுகப் பிடித்தால் ஓரிடத்திலும், தளரப் பிடித்தால் வேறிடத்திலும் சுடும். சுவர்மேலோ மேசைமேலோ நேராக வைத்துச் சுட்டால் இன்னும் வேறிடம். இறுகப் பிடிப்பதே நல்லது என்று எண்ணும் வலுவான மாணவர்கள் இதனால் பெரிதும் ஏமாறுகிறார்கள். முன்கையைத் திறந்த உள்ளங்கையாக வைத்து, துப்பாக்கி தன்னிஷ்டப்படி துள்ள இடம் கொடுத்து, ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் தாங்க வேண்டும். ரவையின்றி வெறுமே விசையை விடுவதும் கூடாது. காற்றின் தடையில்லாமல் தண்டு மோதிச் சேதமாகும். அழுத்த அறைக்குள் எண்ணெய் விடுவதும் கூடாது. அழுத்தத்தால் சூடேறி எண்ணெய் வெடித்து எரியும், ரவையின் வேகம் தாறுமாறாகும்.

துப்பாக்கியைச் சாய்த்துப் பிடிப்பதும் அடிக்கடி கவனியாமல் விடப்படும் பிழை. விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் செல்லும் ரவை 10 மீட்டரைக் கடக்க ஒரு விநாடியில் நூற்றில் ஆறு பங்கு ஆகிறது. அதற்குள் புவியீர்ப்பால் அது ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் தாழ்கிறது. அதற்கு ஈடாகக் குழல் சிறிது மேல்நோக்கி அமைக்கப்பட்டிருக்கும். துப்பாக்கியை 5 பாகை சாய்த்தால் அந்த ஈட்டின் ஒரு பகுதி பக்கவாட்டில் திரும்பி, ரவை சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் ஒதுங்கும். சிறிதுதான், ஆனால் நாளுக்கு ஒரு விதமாகச் சாய்ப்பவருக்குக் குறி நிலைக்காது.

இவற்றைச் சொல்லும்போதெல்லாம், கூடுதல் சக்தியுள்ள துப்பாக்கியும் தொலைநோக்கிக் குறியும் வாங்கித் தந்தால் எல்லாம் சரியாகும் என்ற பதில் வருகிறது. இதில் எனக்கு உடன்பாடில்லை. ஒலிம்பிக் போட்டித் துப்பாக்கிகளே ரவையை ஒலியின் வேகத்தில் பாதி அளவில்தான் செலுத்துகின்றன. 10 மீட்டருக்கு அதற்கு மேல் தேவையில்லை. தொலைநோக்கி, கண்ணின் தெளிவுச் சங்கடத்தை நீக்கும் என்பது உண்மையே. விரலின் பிழையையும் பிடியின் பிழையையும் அது நீக்காது, பெரிதாக்கிக் காட்டும். கையிலுள்ள பணத்தில் முதலில் வாங்க வேண்டியவை ஒரே பெட்டியைச் சேர்ந்த, பாவாடை நசுங்காத, தட்டைத்தலை ரவைகள். தட்டைத்தலை ரவை தாளில் வட்டமான துளையிடும், அளப்பதற்கு எளிது. ரவையின் பின்புறப் பாவாடைதான் காற்றை அடைத்து நிற்கிறது. அது நசுங்கியிருந்தால் எத்தனை திறமையும் பயனில்லை.

மேல்மட்டத்தில் இந்தச் சிறு அளவுகள் என்ன செய்கின்றன என்பதற்கு, நம் தமிழ் வாசகர் அறிந்த ஒருவரைச் சொல்லலாம். 1999-இல் கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 60 ரவைகளுக்கு 630.7 பெற்றுப் பத்தாம் இடத்தில் நின்றார். முதல் எண்மருக்கே இறுதிச் சுற்று. அதே தகுதிச் சுற்றில் ரமிதா ஜிண்டால் 631.5 பெற்று ஐந்தாம் இடத்துடன் இறுதிக்குச் சென்றார். இருவருக்கும் வேறுபாடு 0.8. ஒரு பத்தில் ஒரு பங்கு மதிப்பெண் என்பது கால் மில்லிமீட்டர். ஆகவே அறுபது ரவைகளின் பிழைகளையெல்லாம் கூட்டினால் இருவருக்கும் இடையே இருந்தது ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர்! இளவேனிலின் ஒரு ரவை சராசரியாக மையத்திலிருந்து ஒன்றேகால் மில்லிமீட்டருக்குள் விழுந்தது. இவ்வளவு நுட்பமான கை ஒன்று, முதல் நாளில் யாரோ ஒருவர் அட்டையைச் சரியாகப் படித்ததால்தான் வளர்ந்திருக்கும்.

களப்பணியாளர்கள் தங்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வனத்துறையினரும் கால்நடை மருத்துவர்களும் மயக்க ஊசியைச் செலுத்தப் பயன்படுத்தும் கருவிகளில் பல, அழுத்தமிட்ட வாயுவால் இயங்குபவையே. அங்கே ஊசி கனமானது, வேகம் குறைவானது. விநாடிக்கு 60 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், 25 மீட்டரில் ஊசி சுமார் 85 சென்டிமீட்டர் தாழும். 30 மீட்டரில் 1 மீட்டர் 22 சென்டிமீட்டர் தாழும். 30 மீட்டரை 25 என்று கண்ணால் தவறாக மதிப்பிட்டவருடைய ஊசி முக்கால் முழத்திற்கும் மேல் கீழே போகும்; தொடைத் தசையில் பாய வேண்டியது காலில் பாயும், அல்லது தரையில் விழும். அங்கே சிதறலைவிட விலகலே பெரும் பகை. அதற்கு மருந்து தூரத்தை அளப்பது. பயிற்சி மைதானத்தில் ஒரே தூரத்தில் சுட்டுப் பெற்ற நல்ல மதிப்பெண் காட்டில் ஏமாற்றுவதும் இதனால்தான். துப்பாக்கியே தொடாத ஊழியருக்கும் இது பொருந்தும். எப்போதும் 200 கிராம் கூடுதலாகக் காட்டும் தராசை ஒரு நாளில் திருத்திவிடலாம். காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் காட்டும் தராசைத் திருத்த முடியாது, மாற்றத்தான் வேண்டும். எது எதுவென்று அறிய ஒரே மூட்டையைப் பத்துத் தடவை நிறுத்துப் பார்ப்பதன்றி வேறு வழியில்லை.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகவேனும் சொல்லாமல் விடுவது பொறுப்பாகாது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத துளையும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. உரிமம் தேவையில்லை என்பதால் அது விளையாட்டுப் பொருளாகிவிடாது. அரை கிராம் ரவை 170 மீட்டர் வேகத்தில் 7 ஜூலுக்கு மேல் ஆற்றல் கொண்டிருக்கும். ஒரு கண்ணைப் போக்க அது தாராளம். எல்லோரும் கண்காப்பு அணிய வேண்டும். அட்டைக்குப் பின்னே ரவை எதிர்த்துத் தெறிக்காத தடுப்பு வேண்டும். கருங்கல் சுவர் தடுப்பாகாது. ரவை ஈயத்தாலானது, சுட்டபின் சோப்பிட்டுக் கை கழுவாமல் மாணவர் உணவைத் தொடக் கூடாது. பறவைகளைச் சுடும் பழக்கத்தை முதல் நாளே கண்டித்துவிட வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பது ஒருபுறமிருக்க, மரக்கிளையில் அமர்ந்த மைனாவிடமிருந்து எந்த மாணவனும் தன் சிதறலை அளந்து தெரிந்துகொள்வதில்லை.

நான் கேட்பது செலவில்லாத ஒரு மாற்றம். தெரிவுப் போட்டிகளில் ஐந்து ரவைகளுக்குப் பதில் பத்து வைக்க வேண்டும். ஜோகுபாளையம் போன்ற நெருக்கமான இடத்துப் பள்ளியிலும் பத்து மீட்டர் நீளமுள்ள, கதவைப் பூட்டக்கூடிய தாழ்வாரம் ஒன்று கிடைத்துவிடும். அதற்கு மேல் இடம் தேவையில்லை. அட்டையில் பத்துத் துளைகளின் நடுவை அடிக்கோலால் கண்டு, அந்நடுவிலிருந்து மிகத் தொலைவிலுள்ள துளை வரை அளந்து, அதனைச் சிதறல் என்று முதல் பத்தியில் எழுத வேண்டும். அந்நடு மையத்திலிருந்து எவ்வளவு, எத்திசையில் தள்ளியிருக்கிறது என்பதை இரண்டாம் பத்தியில் எழுத வேண்டும். துப்பாக்கியின் எண்ணையும் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். ஒரே துப்பாக்கியைப் பயன்படுத்திய எல்லா மாணவருக்கும் இரண்டாம் பத்தியில் ஒரே திசை வந்தால், திருகாணியை எடுத்துக்கொண்டு துப்பாக்கியிடம் செல்க, மாணவரிடம் செல்ல வேண்டாம். ஆள் தெரிந்தெடுப்பது முதல் பத்தியைக் கொண்டு. மதிப்பெண்ணையும் எழுதத்தான் வேண்டும் என்று மேலிடம் கேட்டால், மூன்றாவது பத்தியில் எழுதிக்கொள்ளலாம்.